பிஹெச்.டி-க்குப் பிறகு என்ன? கணினியும் மூலக்கூறும் கைகோக்கும் துறையில் காத்திருக்கும் 'போஸ்ட் டாக்' வாய்ப்புகள்!

"பிஹெச்.டி-யே முடிச்சாச்சு. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டாச்சு. இன்னும் என்னப்பா படிப்பு?"

ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கும் பல வீடுகளில் இந்தக் கேள்வி ஒரு முறையாவது எழுந்திருக்கும். 'போஸ்ட் டாக்' என்ற சொல்லைக் கேட்டதும் பிஹெச்.டி-க்கு மேலே இன்னொரு பட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது படிப்பே அல்ல. அதில் தேர்வு இல்லை, பட்டமளிப்பு விழா இல்லை. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், ஒரு மூத்த விஞ்ஞானியின் குழுவில் சேர்ந்து, மாதாமாதம் உதவித்தொகையோ சம்பளமோ பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குச் செய்யும் ஆய்வுப் பணிதான் போஸ்ட் டாக். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சில இடங்களில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை.

ஐ.ஐ.டி, ஐசர் போன்ற நிறுவனங்களில் பேராசிரியராக வேண்டும், சொந்தமாக ஓர் ஆய்வுக்குழுவை நடத்த வேண்டும் என்ற கனவுள்ளவர்கள் பெரும்பாலும் இந்தப் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அதிலும் வேதியியல், உயிரியல், இயற்பியல், கணினி எல்லாம் ஒன்றுசேரும் கணிப்பு மூலக்கூறு அறிவியல் துறையில் இன்று வாய்ப்புகள் பரவலாக இருக்கின்றன. ஆனால், விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தைத் தவறவிடுவதாலேயே அவற்றைக் கோட்டைவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் என்னதான் செய்கிறார்கள்?

நம் உடலில் ஓடும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். ஒரு புரதத்தைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், அதில் சரியாகப் பொருந்தும் சாவிதான் மருந்து. ஆயிரக்கணக்கான சாவிகளை ஒவ்வொன்றாகச் செய்து, சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தால் காலமும் பணமும் கரைந்துவிடும். அதற்குப் பதில், பூட்டையும் சாவியையும் கணினிக்குள் உருவாக்கி, எது பொருந்தும், எது பொருந்தாது என்று முதலில் வடிகட்டிவிடலாம். தேறியவற்றை மட்டும் ஆய்வகத்தில் சோதித்தால் போதும்.

மருந்து மட்டுமல்ல... பேட்டரிக்குள் லித்தியம் அயனி எப்படி நகர்கிறது, ஒரு வினையூக்கியின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது, ஒரு மரபணு மாற்றம் புரதத்தின் வடிவத்தை எப்படிக் குலைக்கிறது என எல்லாவற்றையும் கணினியில் நடத்திப் பார்க்கிறார்கள். அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிட்டு, அவை நொடியின் கோடிகோடியில் ஒரு பங்கு நேரத்தில் எப்படி அசைகின்றன என்று படம் பிடித்ததுபோலக் காட்டுகிறார்கள்.

இந்தத் துறைக்கு நோபல் பரிசும் பலமுறை கிடைத்திருக்கிறது. 2013-ல் வேதியியல் நோபல் பரிசு மார்ட்டின் கார்ப்ளஸ், மைக்கேல் லெவிட், ஏரியே வார்ஷல் மூவருக்கும் வழங்கப்பட்டது. 2024-ல் புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், செயற்கை நுண்ணறிவால் புரத வடிவத்தைக் கணித்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் அதே பரிசு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2013-ல் பரிசு பெற்ற ஆய்வுக்கு விதை விழுந்தது ஒரு போஸ்ட் டாக் காலத்தில்தான். பிஹெச்.டி முடித்த வார்ஷல், 1970-ல் ஹார்வர்டில் கார்ப்ளஸின் குழுவில் போஸ்ட் டாக் ஆகச் சேர்ந்தார். ஒருவருக்குக் குவாண்டம் கணக்குகள் கைவந்த கலை. இன்னொருவர் பெரிய மூலக்கூறுகளைக் கணினியில் உருவாக்கத் தெரிந்தவர். இரண்டும் சேர்ந்தபோதுதான் புதிய வழி திறந்தது. 'தெரிந்ததையே இன்னும் இரண்டு வருடம் செய்வது' போஸ்ட் டாக் அல்ல. தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு, தெரியாத ஒன்று இருக்கும் இடத்துக்குப் போவதுதான் அதன் பயன்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தத் துறையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரன், தன்னுடன் பணியாற்றிய சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று காட்டும் வரைபடம் அது. 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகமே அழைக்கும் அது, இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியா என்று சோதிக்கப் பயன்படுகிறது. இன்றைய கணினி வசதிகள் எதுவும் இல்லாத காலத்தில் செய்யப்பட்ட வேலை அது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி படித்த மதன் பாபு, கேம்பிரிட்ஜில் பிஹெச்.டி, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் போஸ்ட் டாக் என்று சென்று, பிறகு கேம்பிரிட்ஜிலேயே சொந்த ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஆய்வுக்குழுவை வழிநடத்துகிறார். கணினி வழியே மூலக்கூறுகளைப் படிப்பதுதான் அவருடைய துறை.

சிறிய ஊர்க் கல்லூரிக்கும் சம வாய்ப்பு

பல அறிவியல் துறைகளில் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி இருக்கும் ஆய்வகத்தில் பிஹெச்.டி செய்தவருக்கே முன்னுரிமை கிடைக்கும். இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. தேவையான தரவுகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் இலவசம்.

1971-ல் தொடங்கப்பட்ட புரோட்டீன் டேட்டா பேங்கில், சோதனைகளால் கண்டறியப்பட்ட 2 லட்சத்துக்கும் அதிகமான மூலக்கூறு வடிவங்கள் இருக்கின்றன. ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் கணிக்கப்பட்ட 20 கோடிக்கும் அதிகமான புரத வடிவங்கள் இருக்கின்றன. இரண்டையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தரவிறக்கலாம். குரோமாக்ஸ், லாம்ப்ஸ், குவாண்டம் எஸ்பிரசோ, ஆட்டோடாக் வினா போன்ற மென்பொருள்களும் இலவசம்தான்.

கணக்குகளை ஓட்ட சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டுமே? தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் திருச்சி என்.ஐ.டி-யில் 2022-ல் 'பரம் பொருள்' நிறுவப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள 'பரம் பிரவேகா'வின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ்.

ஆக, பெரிய ஆய்வகம் இல்லை என்பது இந்தத் துறையில் முழுமையான தடை அல்ல. தென்காசியிலோ தருமபுரியிலோ ஒரு கல்லூரியில் பிஹெச்.டி செய்பவரும் தன் கணிப்பு நிரல்களைப் பொதுவெளியில் பகிர்ந்து, "இதை நான் செய்தேன்" என்று காட்ட முடியும். தேர்வு செய்யும் பேராசிரியர் அதை ஓட்டிப் பார்த்தே திறமையை எடைபோடலாம்.

இந்தியாவில் என்னென்ன வழிகள்?

போஸ்ட் டாக் இடம் இரண்டு வகைகளில் கிடைக்கும். ஒன்று, பேராசிரியரின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து. மற்றொன்று, விண்ணப்பதாரர் தன் பெயரிலேயே போட்டியிட்டுப் பெறும் உதவித்தொகை.

முதல் வகையில் 'ரிசர்ச் அசோசியேட்' என்ற பெயரில் நியமிப்பார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023-ல் உயர்த்திய விகிதப்படி, அனுபவத்தைப் பொறுத்து மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று நிலைகள். இத்துடன் வீட்டு வாடகைப்படி தனி.

இரண்டாவது வகையில் முக்கியமானவை:

தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப்: முன்பு செர்ப் அமைப்பு வழங்கியது. இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வருகிறது. இரண்டு ஆண்டுகள். மாத உதவித்தொகையுடன் ஆய்வுச் செலவுக்குத் தனி நிதியும் உண்டு. வயது வரம்பு 35. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டுகள் தளர்வு. வாழ்நாளில் ஒருமுறைதான் பெற முடியும்.

டி.பி.டி ரிசர்ச் அசோசியேட்ஷிப்: உயிரித் தொழில்நுட்பத் துறை வழங்குவது. உயிரியல் சார்ந்த கணிப்பு ஆய்வுகளுக்கு ஏற்றது.

சி.எஸ்.ஐ.ஆர் ரிசர்ச் அசோசியேட்ஷிப்: வேதியியல், இயற்பியல், உயிரியல் என எல்லாத் துறைகளுக்கும் உண்டு. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வகங்களே.

இந்தியா அலையன்ஸ் ஏர்லி கேரியர் ஃபெல்லோஷிப்: உயிரியல், மருத்துவ ஆய்வுகளுக்கானது. 5 ஆண்டுகள் வரை கிடைப்பதால் போட்டியும் கடுமை.

நிறுவனங்களின் சொந்த ஃபெல்லோஷிப்கள்: இந்திய அறிவியல் கழகத்தின் சி.வி.ராமன் போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப், சென்னை ஐ.ஐ.டி-யின் போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப் போன்றவை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் கணிப்பு உயிரியல் குழு இருக்கிறது. பெங்களூரு என்.சி.பி.எஸ், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், ஐதராபாத் சி.சி.எம்.பி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐதராபாத் மையம், புனே, திருப்பதி ஐசர்கள் ஆகியவற்றின் இணையதளங்களையும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

திருமணம், குழந்தைப்பேறு காரணமாக ஆய்வை இடையில் நிறுத்திய பெண்கள் திரும்பி வருவதற்கென்றே, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் தனி வாய்ப்புகள் உள்ளன. 'இடைவெளி விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று ஒதுங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கதவுகள்

ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்: பிஹெச்.டி முடித்து 4 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கான போஸ்ட் டாக் பிரிவு இதில் உண்டு. 6 முதல் 24 மாதங்கள். ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். உடன்வரும் குடும்பத்தினருக்கும் உதவித்தொகை, ஜெர்மன் மொழி கற்க உதவி என்று குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற திட்டம்.

மேரி க்யூரி ஃபெல்லோஷிப்: ஐரோப்பிய ஒன்றியம் வழங்குவது. வழக்கமாக செப்டம்பரில் கடைசித் தேதி வரும். போக விரும்பும் நாட்டில், அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஏற்கெனவே அந்த நாட்டில் பிஹெச்.டி செய்துகொண்டிருப்பவர்கள் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எம்போ ஃபெல்லோஷிப்: மூலக்கூறு உயிரியலுக்கான ஐரோப்பிய அமைப்பு வழங்குவது. 2016 முதல் இந்தியா இதற்கு நிதியளிக்கும் ஐரோப்பிய மாநாட்டில் இணை உறுப்பு நாடு என்பதால் இந்தியர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம்: 3 ஆண்டுகள். இதில் 'கிராஸ் டிசிப்ளினரி' என்று தனிப் பிரிவு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல், கணினி அறிவியலில் பிஹெச்.டி முடித்து, உயிரியலுக்கு மாற நினைப்பவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது.

ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ் ஃபெல்லோஷிப்: பிஹெச்.டி முடித்து 6 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். 12 முதல் 24 மாதங்கள். ஜப்பானில் உள்ள பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. அங்குள்ள பல அரசு ஃபெல்லோஷிப்கள் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இந்தியர்களுக்கு வழி, பேராசிரியரின் திட்ட நிதியில் சேர்வது. தேசிய சுகாதார நிறுவனம் 2024 நிதியாண்டுக்கு நிர்ணயித்த தொடக்கநிலை போஸ்ட் டாக் தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இதை அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் வீட்டு வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும்.

கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது

மேலே உள்ள திட்டங்களில் பலவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒன்று வயது வரம்பு, இல்லையென்றால் 'பிஹெச்.டி முடித்து இத்தனை ஆண்டுகளுக்குள்' என்ற வரம்பு. பட்டம் கைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குச் சில மாதங்கள் காத்திருந்து, சான்றிதழ் கையில் வந்த பிறகே தேடத் தொடங்குகிறார்கள். விண்ணப்பித்து முடிவு வர 6 மாதங்கள், விசா நடைமுறைக்குச் சில மாதங்கள் என்றால், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வருமானமில்லாமல் கரைந்துவிடும். பிஹெச்.டி உதவித்தொகையும் அதற்குள் நின்றுபோயிருக்கும்.

எனவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டுக்கு முன்பே தேடலைத் தொடங்குவதுதான் சரியான திட்டம். முதல் 3 மாதங்களில் 15, 20 ஆய்வுக்குழுக்களைப் பட்டியலிடலாம். அடுத்த 3 மாதங்களில் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பலாம். மீதி 6 மாதங்களில் அவர்களோடு சேர்ந்து ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தை எழுதலாம்.

மெயிலில் என்ன எழுத வேண்டும்?

"மதிப்புக்குரிய ஐயா, எனக்கு உங்கள் ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு தாருங்கள்" என்று நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வருவது அரிது. பத்தே பேருக்கு அனுப்பினாலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

அந்தக் குழுவின் சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். அதில் எந்தக் கேள்வி இன்னும் மீதமிருக்கிறது, அதற்குத் தன்னிடம் உள்ள எந்தத் திறமை உதவும் என்பதை நான்கைந்து வரிகளில் சொல்ல வேண்டும். கூடவே இரண்டு பக்க சுயவிவரம், முக்கியக் கட்டுரைகள், எழுதிய நிரல்கள் இருக்கும் இணைப்பு, பரிந்துரை தரக்கூடிய இருவர் அல்லது மூவரின் பெயர்கள். இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

சேர்வதற்கு முன், அந்தக் குழுவில் முன்பு போஸ்ட் டாக் ஆக இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பது மிக முக்கியம். முடிந்தால் அவர்களில் இருவரிடம் பேசிவிடுவது நல்லது. பேராசிரியர் எப்படி நடத்துவார், கட்டுரையில் பெயர் வருமா, விடுமுறை உண்டா என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இருக்காது.

திறமைகளைப் பொறுத்தவரை பைத்தான், லினக்ஸ் இரண்டும் அடிப்படை. கணினிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் வேதியியலைக் கற்க வேண்டும். ஆய்வகப் பக்கத்திலிருந்து வருபவர்கள் நிரல் எழுதப் பழக வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களோடும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம்.

முடித்த பிறகு வேலை கிடைக்குமா?

வீட்டில் கேட்கப்படும் அடுத்த கேள்வி இது. நேர்மையான பதில்: உத்தரவாதம் கிடையாது. ஆனால் மதிப்பு உண்டு.

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்முகத் தேர்வுப் பட்டியல் தயாரிக்க, 2018 யு.ஜி.சி விதிமுறைகள் வகுத்த மதிப்பெண் முறையில், கற்பித்தல் அல்லது போஸ்ட் டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண்கள் வீதம் அதிகபட்சம் 10 மதிப்பெண்கள் உண்டு. ஐ.ஐ.டி-க்களில் முதல்நிலை உதவிப் பேராசிரியராக, பிஹெச்.டி-க்குப் பிறகு 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் போஸ்ட் டாக் முடித்துத் திரும்ப விரும்புவோருக்கு ராமானுஜன், ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப்கள் உண்டு. இரண்டுமே 5 ஆண்டுகளுக்கானவை.

பேராசிரியர் பணி மட்டுமே இலக்கல்ல. பெங்களூரு, ஐதராபாத்தில் உள்ள மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களும், மென்பொருள் நிறுவனங்களும் மூலக்கூறு கணிப்பு தெரிந்தவர்களை எடுக்கின்றன. போஸ்ட் டாக் காலத்திலேயே இந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, நான்கு போஸ்ட் டாக் என்று போய்க்கொண்டே இருந்தால் வயது 40-ஐ நெருங்கிவிடும். முதல் போஸ்ட் டாக்கின் இரண்டாம் ஆண்டிலேயே அடுத்தது என்ன என்று முடிவெடுத்துவிட வேண்டும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் பாதை இங்கே நினைவுகூரத்தக்கது. 1976-ல் இயற்பியலில் பிஹெச்.டி முடித்தவர், உயிரியல் மீது ஆர்வம் வந்து, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து படித்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் குழுவில் போஸ்ட் டாக். அங்கேதான் ரைபோசோம் ஆய்வு தொடங்கியது. ஆனால் அதன் பிறகு சுமார் 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் விஞ்ஞானியாகச் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். அதே ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எல்லோருக்கும் நோபல் கிடைக்காது. ஆனால் 50 மறுப்புகள் என்பது திறமையின்மைக்கான சான்று அல்ல என்பதை இளம் ஆய்வாளர்களும் அவர்களின் பெற்றோரும் தெரிந்துகொள்ளலாம்.

ஏமாற வேண்டாம்!

'6 மாதத்தில் போஸ்ட் டாக்டரல் சான்றிதழ்' என்று கட்டணம் கேட்டு வரும் விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. போஸ்ட் டாக் என்பது பட்டம் அல்ல. அதற்கு ஆய்வாளர்தான் பணம் பெற வேண்டும், கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வாய்ப்பு என்று மெயில் வந்தால், அது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து வந்ததா, அந்தப் பேராசிரியரின் பக்கம் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதமும், விசாவுக்கு முன்பணமும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வீட்டுக்கும் ஒரு வார்த்தை

போஸ்ட் டாக் காலம் பெரும்பாலும் 28 முதல் 35 வயதுக்குள் வருகிறது. திருமணம், குழந்தை, வீட்டுக் கடன், பெற்றோரின் உடல்நலம் எல்லாமே ஒன்றாக வரும் வயதும் அதுதான். அதனால் இந்த முடிவை ஆய்வாளர் தனியாக எடுப்பதைவிட, எத்தனை ஆண்டுகள், எவ்வளவு வருமானம், அதற்குப் பிறகு என்ன என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரோடும் பேசிவிடுவது நல்லது. எந்த ஃபெல்லோஷிப்புக்கு எப்போது கடைசித் தேதி, எதற்கு வயது வரம்பு எப்போது முடிகிறது என்பதையும் அதே தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். விதிமுறைகளும் தொகைகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது அவசியம்.